சித்தப்பா விட்டுப்போன ப்ரோப் பெட்டியை மறுபடி போடலாமா?

கேள்வி சுருக்கமாக இது. அம்பாசமுத்திரத்தில் ஒரு வீடு. பத்து வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா, ‘இன்டர்நெட்டை அளக்கிற பெட்டி’ என்று சொல்லி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை ரௌட்டர் பக்கத்தில் மாட்டினார். அப்புறம் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். பெட்டி இரண்டு வருஷமாக அணைந்து கிடக்கிறது. அதை மறுபடி போட்டால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா? இந்த அமைப்பே இன்னும் எத்தனை காலம் ஓடும்? அதற்குப் பதிலாக நம் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து சொந்தமாக ஒன்று ஆரம்பித்தால் என்ன?

முதல் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நான் பாளையங்கோட்டையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். என் வீட்டில் ஒன்று, சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் இடங்களில் மூன்று என்று இதே மாதிரிப் பெட்டிகள் நான்கைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். நான் கண்ட வரையில், இப்படிப்பட்ட ஓர் அமைப்பு நிலைப்பதும் போவதும், பெட்டி இருக்கிற வீட்டுக்கு யாராவது அவ்வப்போது போன் போட்டு விசாரிக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. உங்கள் சித்தப்பா பெட்டியின் கதையும் அதுவே.

நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ரைப் அட்லஸ் ப்ரோப், மூன்றாம் தலைமுறை. ரைப் என்.சி.சி. என்பது ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் மத்திய ஆசியாவின் சில நாடுகளுக்கும் ஐ.பி. எண்களை, அதாவது இணைய முகவரிகளை, பதிந்து கொடுக்கிற அமைப்பு, தலைமையகம் ஆம்ஸ்டர்டாம். நமக்கு அந்த வேலையைச் செய்வது பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். ஆனாலும் 2010-இல் ரைப் தொடங்கிய அட்லஸ் என்கிற இந்த இணையம் அளக்கும் அமைப்புக்கு அந்த எல்லை கிடையாது. இன்றைக்கு உலகம் முழுக்க 12,000-க்கும் மேற்பட்ட ப்ரோப்கள் இணைப்பில் இருக்கின்றன. பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் வீட்டிலோ ஆபீஸிலோ தன் கரண்டையும் தன் இன்டர்நெட்டையும் கொடுத்து வைத்திருப்பவை.

அது பார்க்கிற வேலை எளிமையானது. ஓர் இடத்துக்குச் சின்னத் தகவல் பொட்டலம் அனுப்பி, போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும், அது பிங். போகிற வழியில் எந்தெந்த ரௌட்டரைத் தாண்டுகிறது என்று பார்க்கும், அது டிரேஸ்ரூட். ஒரு பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும், அது டி.என்.எஸ். இணையப் பெயர் அமைப்பின் உச்சியில் இருக்கும் 13 ரூட் சர்வர்களையும் எல்லாப் ப்ரோப்களும் இரவு பகலாக விசாரித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் யார் எந்தப் படம் பார்க்கிறார்கள் என்பதை அது எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்பீட் டெஸ்ட் மாதிரி லைனை அடைப்பதும் இல்லை. வரைபடத்தில் உங்கள் இடத்தைக்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் காட்டுவார்கள். பெட்டி ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் கணக்கில் 21,600 கிரெடிட் ஏறும். அதைச் செலவழித்து மற்றவர்கள் வீட்டுப் ப்ரோப்களை நீங்கள் அளக்கச் சொல்லலாம். பணம் எதுவும் கை மாறுவதில்லை.

இதை நான் மழைமானியோடு ஒப்பிட்டுத்தான் எல்லோருக்கும் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் தேடுவது என்ன? ஊத்து எஸ்டேட்டில் எத்தனை மில்லிமீட்டர், நாலுமுக்கில் எத்தனை, பாபநாசம் அணை 143 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்பதைத்தானே? மலை மேலே ஓர் எஸ்டேட்டில் யாரோ ஒருவர் நனைந்துகொண்டே போய் அந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து எழுதுவதால்தான், கீழே வயல்காரர் வாய்க்காலைப் பற்றி முடிவெடுக்க முடிகிறது. ஒரே ஒரு நாள் அளவை மட்டும் தனியாகப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே இடத்தில், அதே மானியில், இருபது முப்பது வருஷம் விடாமல் எழுதியிருந்தால் அப்போது பேசுகிற கதையே வேறு. ப்ரோப்பும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்தில் அதே வீட்டில் பத்து வருஷத்துக்கு முன் எழுத ஆரம்பித்த ஒரு கணக்கு நடுவில் இரண்டு வருஷம் விட்டுப்போய் நிற்கிறது. புதுப் பெட்டி வாங்கி வேறு இடத்தில் வைப்பதைவிட, அந்தப் பழைய எண்ணிலேயே தொடர்ந்து எழுதுவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அது மட்டுமில்லை. ஜெர்மனியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரோப்கள் இருக்கின்றன. அங்கே ஒன்று நின்றால் பக்கத்தில் இன்னொன்று உண்டு. நம் பக்கத்தில் அப்படி இல்லை. இந்தியாவில் இருப்பவற்றிலும் பெரிய நகரங்களிலும் டேட்டா சென்டர்களிலும் இருப்பவை நிறைய. தாமிரபரணிக் கரையில், கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர் லைனில், ஒரு சாதாரண வீட்டில் இருந்துகொண்டு பேசுகிற பெட்டி அபூர்வம். அந்த வீட்டுக்கு இணையம் எப்படித் தெரிகிறது என்பதை அந்த வீட்டுக்குள் இருந்துதான் அளக்க முடியும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், இதில் எனக்கு அத்தனை ஆர்வம் உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். அதாவது 100 கி.மீ. தூரத்துக்குப் போய்த் திரும்ப 1 மில்லி செகண்ட். நெல்லையிலிருந்து சென்னைக்கு 600 கி.மீ.க்கு மேல், போய்த் திரும்பக் குறைந்தது 6 மில்லி செகண்ட். மகாராஜநகரில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் ஒரு கம்பெனி கனெக்‌ஷன், மற்றவர் வேறு கம்பெனி. இந்த இரண்டு கம்பெனிகளும் கை குலுக்குகிற இடம் சென்னை என்றால், எதிர் வீட்டுக்குப் போகிற பொட்டலம் சென்னைக்குப் போய்த்தான் தெருவைக் கடக்கும். திரும்பி வருவதும் அப்படியே. ஆக 12 மில்லி செகண்டுக்குக் குறைய வாய்ப்பே இல்லை. பிங் 3 என்று காட்டினால் உள்ளூரிலேயே எங்கோ சந்திக்கிறார்கள் என்று அர்த்தம். 15, 20 என்றால் சென்னை. 60-க்கு மேல் போனால் பொட்டலம் நாட்டை விட்டே வெளியே போய் வந்திருக்குமோ என்று டிரேஸ்ரூட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

கொழும்பை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் நெல்லையிலிருந்து சுமார் 310 கி.மீ., சென்னையைவிடக் கிட்டம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கல்கிசைக்கு 2006-இலேயே கடலடி கேபிள் போட்டார்கள், பாரத் லங்கா கேபிள் என்று பெயர். அப்படி ஒரு வழி இன்றைக்கும் நடப்பில் இருந்து நேராகப் போனால் 4, 5 மில்லி செகண்டில் திரும்பிவிடலாம். சென்னை, சிங்கப்பூர் சுற்றிப் போனால் 60-ஐத் தாண்டிவிடும். உங்கள் வீட்டு லைன் இந்த இரண்டில் எந்த வழியில் போகிறது? பெட்டியைப் போட்டதும் உங்கள் கிரெடிட்டில் முதலில் இதை அளந்து பாருங்கள். பூகோளப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரைபடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன்.

உங்கள் பெட்டி அணைந்ததற்கு முக்கால்வாசி அந்தப் பென்டிரைவ்தான் காரணமாக இருக்கும். மூன்றாம் தலைமுறைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன யு.எஸ்.பி. பென்டிரைவ் செருகியிருக்கும். லைன் அறுந்த நேரத்தில் எடுத்த அளவுகளை அதில் சேமித்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பும். கரண்ட் போய்ப் போய் வந்தால் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்று, உள்ளே உள்ள ஃபைல் அமைப்பு கெட்டுவிடும். சரி செய்வது சுலபம். கரண்டைக் கழற்றுங்கள். பென்டிரைவை உருவுங்கள். பென்டிரைவ் இல்லாமலே பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, ரௌட்டரில் கேபிள் செருகியபடி பத்து நிமிஷம் விடுங்கள். அவசரப்பட வேண்டாம், ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டே வாருங்கள். பிறகு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைத் திரும்பச் செருகுங்கள். அது தானே அழித்து, தானே புதிதாக எழுதிக்கொள்ளும். இரண்டு தடவை செய்தும் எழும்பவில்லை என்றால் பென்டிரைவ் ஆயுள் முடிந்தது. நல்லதாக ஒன்று வாங்கி இதே முறையில் போடுங்கள்.

ரௌட்டரில் எதையும் திறந்துவிடத் தேவையில்லை. பெட்டியே வெளியே போய், இணையதளங்களுக்குப் போகிற அதே 443-ஆம் போர்ட் வழியாகத் தலைமை சர்வரோடு பேசிக்கொள்ளும். ரௌட்டர் தானாக முகவரி கொடுக்கிற நிலையில் இருந்தால் போதும். உங்கள் லைனில் பொது ஐ.பி. இல்லாமல், பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. ஐபிவி6 என்கிற புதிய வகை இணைய முகவரி அதிகம் புழங்குகிற நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருந்தும், சின்ன ஊர்களின் ஃபைபர் லைன்களில் இன்னும் அது வராத இடங்கள் உண்டு. உங்கள் லைனில் அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். அதுவும் ஒரு அளவுதான்.

அடுத்தது கரண்ட். நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு நாள் போய்விடும். அது போக இடி மின்னல் சமயத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் வரும். பெட்டியைக் கொல்வது இந்த இரண்டாவதுதான். ரௌட்டருக்கென்று விற்கிற சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று வாங்கி, ரௌட்டரையும் ஃபைபர் மோடத்தையும் அதில் கொடுங்கள். பல யு.பி.எஸ்.களில் 5 வோல்ட் யு.எஸ்.பி. வழியும் இருக்கும், பெட்டியை அதில் செருகிவிடலாம். பெட்டி தின்பது இரண்டு மூன்று வாட்தான். மாதம் முழுக்க ஓடினாலும் சுமார் 2 யூனிட்தான். சிலர் ரௌட்டரின் யு.எஸ்.பி. துளையிலேயே பெட்டிக்குக் கரண்ட் எடுப்பார்கள். அது வேண்டாம். ரௌட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் பெட்டியும் செத்துப் பிழைக்கும், அளவும் குழம்பும்.

ஏன் குழம்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். பெட்டி தான் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லும். நடுவில் தொடர்பு அறுந்து, திரும்பி வரும்போது ‘நான் ஐந்து நிமிஷத்துக்கு முன்தான் எழுந்தேன்’ என்று சொன்னால், போனது கரண்ட். ‘நான் நாற்பது நாளாகத் தூங்கவே இல்லை’ என்று சொன்னால், பெட்டிக்குக் கரண்ட் இருந்திருக்கிறது, அறுந்தது லைன். பெட்டிக்குத் தனியாக பேட்டரி கொடுத்து ரௌட்டருக்குக் கொடுக்காமல் விட்டாலும் இந்தக் கணக்கு பிசகும். ஆகையால் மோடம், ரௌட்டர், பெட்டி மூன்றும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, குறுக்குத்துறை முருகன் கோவில் முழுகி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு வந்த நாள். வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி என் பேச்சைக் கேட்டு ஒரு பெட்டி வைத்திருந்தார். 18-ஆம் தேதி விடியற்காலை அது நின்றது. பாளையங்கோட்டை மேட்டில் என் வீட்டுப் பெட்டி விழித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வெளியே பேச வழியில்லை, லைன் போய்விட்டது. தண்ணீர் வடிந்து அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கியபோது முழங்கால் அளவுக்குச் சேறு. கீழே பிளக்கில் இருந்த அடாப்டருக்குள் சேறு புகுந்து ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. மேல் தட்டில் பேப்பர் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனை நஷ்டத்துக்கு நடுவிலும், கடையைக் கழுவி முடித்த அன்றைக்கே அவர் என்னைக் கூப்பிட்டு, ‘தம்பி, உன் பெட்டிக்கு ஒரு அடாப்டர் கொண்டு வா’ என்றார். என் வீட்டுப் பெட்டி அந்த நாட்களில் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் லைன் வந்ததும் வரிசையாக அனுப்பியது. எங்கே முதலில் கரண்ட் போனது, எங்கே முதலில் லைன் போனது, எது எத்தனை நாளில் திரும்பியது என்பதை இரண்டு வீட்டு அளவுக்காவது நம்மால் சொல்ல முடிந்தது. இருபது வீடு இருந்திருந்தால் அடுத்த வெள்ளத்துக்கு முன் எந்த வழியில் இரண்டாவது ஃபைபர் வேண்டும் என்று கேட்க நம் கையில் ஓர் ஆதாரம் இருந்திருக்கும்.

அதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். பீரோ பின்னால் தரையில் வேண்டாம். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் செருகுமுனை பச்சை பூத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டினால் போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் வீட்டு மனிதர்கள். முக்கூடலில் ஒரு ஆச்சி வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. அது வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நின்று பத்தரைக்குத் திரும்பும். லைன் கோளாறு என்று நினைத்து இரண்டு மாதம் கேபிள்காரரைத் தொந்தரவு செய்தேன். நேரில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது ஆச்சி எல்லா பிளக்கையும் கழற்றிவிடுவார். பேரன் மாட்டிவிட்டுப் போன அந்தப் பெட்டி என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. உட்கார்ந்து, மழை அளக்கிற மாதிரி இது என்று சொன்னேன். ‘இத முன்னமே சொல்லக் கூடாதாய்யா’ என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த இடைவெளி இல்லை. ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார், சூடாகும் என்று சொல்லி அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். பெட்டி வைக்கிறவர் ஒருவர், அதோடு குடியிருக்கிறவர் இன்னொருவர் என்றால், பேச வேண்டியது இரண்டாமவரிடம்.

இனி, எத்தனை காலம் ஓடும் என்ற கேள்வி. பழைய கதைகள் இரண்டைச் சொன்னால்தான் விளங்கும்.

அட்லஸுக்கு முன்னால் ரைப் அமைப்பே டி.டி.எம். என்று இதே மாதிரி அளக்கிற அமைப்பு ஒன்றை நடத்தியது. நேரத்தை மிகத் துல்லியமாகப் பார்க்க, ஒவ்வொரு பெட்டிக்கும் கூரையில் ஜி.பி.எஸ். ஆன்டெனா வேண்டும். அளவு அற்புதமாக இருந்தது. ஆனால் கூரையேறி ஆன்டெனா மாட்ட எத்தனை பேர் முன்வருவார்கள்? அது பரவவே முடியாமல் 2014-இல் மூடப்பட்டது. அதற்கு நேர்மாறாக, கையடக்கமாக, மலிவாக, எங்கும் செருகலாம் என்று வந்ததுதான் அட்லஸ். துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வீடுகளைச் சம்பாதித்தார்கள். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டாவது பிளானெட்லேப். 2002-இல் தொடங்கியது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் ஆளுக்குச் சில கம்ப்யூட்டர்களைக் கொடுத்து ஒரு பெரிய சோதனைக் களம் அமைத்தன. ஒரு காலத்தில் இணைய ஆராய்ச்சி என்றாலே அதன் மேல்தான் நடக்கும். 2020-இல் மூடினார்கள். யாரும் சதி செய்யவில்லை. இயந்திரங்கள் பழசாயின. வைத்த பேராசிரியர் வேறிடம் போனார், மாணவர்கள் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள், வாடகைக்கு சர்வர் கிடைக்கிற காலமும் வந்துவிட்டது. உங்கள் சித்தப்பா பெங்களூருக்குப் போனதும் பெட்டி நின்றதும் இதே கதையின் சின்ன வடிவம்தான்.

அட்லஸுக்கு ஒரு பலம் உண்டு. அதன் செலவு ஒரு ஆராய்ச்சி நிதியில் ஓடவில்லை. ரைப் உறுப்பினர்கள் கட்டுகிற சந்தாவிலும் ஆதரவாளர்கள் கொடுப்பதிலும் ஓடுகிறது. மூன்று வருஷ நிதி முடிந்ததும் கதவை மூட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதிலேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. ஐரோப்பியக் கம்பெனி ஒன்று வருஷாவருஷம் கட்டுகிற சந்தாவில் அம்பாசமுத்திரத்து அளவு ஏன் சேமிக்கப்பட வேண்டும் என்று ஒரு நாள் கேள்வி எழலாம். நொடிக்கு 10,000-க்கும் மேல் முடிவுகள் வந்து குவிகின்றன. அத்தனையையும் காலாகாலத்துக்கும் அப்படியே வைத்திருப்பது லேசான செலவு இல்லை. எதை முழுசாக வைப்பது, எதைச் சுருக்கி வைப்பது என்பதில் என் கருத்து தெளிவானது: அடர்த்தியாகப் பெட்டிகள் இருக்கிற ஊர்களின் பழைய அளவுகளைச் சுருக்கலாம், ஒற்றைப் பெட்டி இருக்கிற ஊர்களின் கணக்கில் ஒரு வரியைக்கூட அழிக்கக் கூடாது. மலையில் ஒரே ஒரு மழைமானி இருந்தால் அதன் நோட்டைத்தானே முதலில் பத்திரப்படுத்துவோம்?

இந்த மாதிரி அளவுகளின் அருமை அவசர காலத்தில்தான் தெரியும். 2024 பிப்ரவரியில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தன. ஐரோப்பாவுக்கு நம் பொட்டலங்கள் போகிற பெரிய ராஜபாட்டை அது. அதே வருஷம் நவம்பரில் பால்டிக் கடலில் இரண்டு கேபிள்கள் அறுந்தபோது ரைப் ஆட்கள் அட்லஸ் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பல வழிகளில் நேரம் கூடியிருந்தது, ஆனால் பொட்டலங்கள் தொலைவது பெரிதாகக் கூடவில்லை; இணையம் வேறு வழி பார்த்துக்கொண்டது. நாடே இருண்டுவிட்டது என்று ஒரு பக்கம் பதற்றம், ஒன்றுமே இல்லை என்று மறுபக்கம் சமாதானம். இரண்டுக்கும் நடுவில் ‘இவ்வளவு கூடியது, இங்கே கூடியது’ என்று எண்ணைக் காட்ட அந்தப் பெட்டிகளால் முடிந்தது. அறுவதற்கு முந்தைய நாள் அளவு கையில் இருந்ததால்தான் முடிந்தது.

2020 முதல் பெட்டியே இல்லாமல், ஒரு மென்பொருளாகவே ப்ரோப்பை ஓட்டலாம். லினக்ஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் இருந்தால் போதும். ஓபன்டபிள்யூஆர்டி என்கிற மாற்று மென்பொருள் போட்ட ரௌட்டரிலும் ஓடும். ஐரோப்பாவிலிருந்து பெட்டி வந்து சேரக் காத்திருக்க வேண்டாம் என்பது நமக்குப் பெரிய வசதி. ஆனால் என் அனுபவத்தில் மென்பொருள் ப்ரோப்புக்கு ஆயுள் கம்மி. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்கிற அன்றைக்கு அதுவும் போய்விடும். வாடகை சர்வரில் போடுகிறார்கள். அங்கே கரண்டும் போகாது, லைனும் போகாது, ஆகையால் நம் வீட்டு நிலைமை அதில் தெரியவும் தெரியாது. என் யோசனை: பழைய பெட்டி செத்தால், அந்த இடத்தில் இதற்கென்றே ராஸ்பெரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வேறு எந்த வேலைக்கும் அதைத் தொடக் கூடாது. முதல் இரண்டு தலைமுறைப் பெட்டிகளில் 8, 16 மெகாபைட் நினைவகம்தான் இருந்தது. அவை பத்து வருஷம் தாண்டியும் ஓடியதற்குக் காரணம், அவற்றுக்கு வேறு வேலை இல்லை என்பதுதான்.

கடைசிக் கேள்வி, நாமே சொந்தமாக ஒன்று ஆரம்பிப்பது. ஆசை நியாயமானது, ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெட்டியில் ஓடுகிற நிரலை எழுதுவது ஒரு மாத வேலை. அதற்குப் பிறகு பத்து வருஷம் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டு அதைக் கவனிக்காமல் விடுவது அவர்களுக்குச் செய்கிற கெடுதல். யார் எதை அளக்கலாம் என்ற கட்டுப்பாடும் வேண்டும். யாரோ ஒருவர் ஆர்வக்கோளாறில் எல்லா வீட்டிலிருந்தும் வில்லங்கமான தளம் ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர். அட்லஸில் வலைப்பக்கங்களை இஷ்டத்துக்குத் திறந்து பார்க்க விடாததற்குக் காரணம் இதுவே. இந்தச் சுமையெல்லாம் ஏற்கெனவே ஒருவர் தூக்கிக்கொண்டிருக்கும்போது நாம் தனியாகத் தூக்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டிய வேலை வேறு, அது ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டு யாராலும் செய்ய முடியாதது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்துக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த ஊர், எந்தக் கம்பெனி லைன், வீட்டில் பேச வேண்டியவர் யார், பெட்டியின் எண், கடைசியாகப் பென்டிரைவ் மாற்றிய தேதி. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன் ஒரு சுற்று போன். பங்குனியில், வெயிலுக்கு முன் ஒரு சுற்று. அவ்வளவுதான். புதுப் பெட்டி கிடைத்தால் பாளையங்கோட்டையில் இன்னொன்று வைக்காதீர்கள். உவரி, வள்ளியூர், கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று பரப்புங்கள். லைனும் வேறு வேறாக இருக்கட்டும். பி.எஸ்.என்.எல். 9829, ஜியோ 55836 என்று ஒவ்வொரு கம்பெனி வலைக்கும் அதை அடையாளம் காட்டுகிற ஓர் ஏ.எஸ். எண் உண்டு; உள்ளூர் கேபிள்காரருக்குச் சில சமயம் சொந்த எண், சில சமயம் பெரிய கம்பெனியின் எண். நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டால், எந்த வலையில் நம் கண் இன்னும் படவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கல்லூரியில் வைப்பதானால் மாணவர் கையில் கொடுக்க வேண்டாம், நாலு வருஷத்தில் போய்விடுவார். லேப் உதவியாளரிடம் கொடுங்கள், அவர் அங்கேயே இருப்பார்.

உங்கள் பெட்டிக்கு இப்போது ஒரே ஒரு தடை இருக்கிறது. அது இன்னும் சித்தப்பாவின் கணக்கில் இருக்கும். பெட்டி நின்றுவிட்டது என்ற அறிவிப்பும் அவர் மெயிலுக்குத்தான் போயிருக்கும். அவருக்கு போன் போட்டு, பெட்டியை உங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் பன்னிரண்டு எழுத்து முகவரி இருக்கும். அவர் பாஸ்வேர்டை மறந்திருந்தாலும் அதை வைத்து ரைப் ஆட்களுக்கு எழுதிக் கேட்கலாம். ஆகவே துடைக்கிறேன் பேர்வழி என்று ஸ்டிக்கரை ஈரத்துணியால் தேய்த்துவிடாதீர்கள், முதலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு வேலையாக வருகிறேன். புதுப் பென்டிரைவ் ஒன்றும் 5 வோல்ட் அடாப்டர் ஒன்றும் கையில் இருக்கும். அம்பையில் இறங்கி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டே போகிறேன்.